தண்ணீர் மாற்றுகிற நாள்

செவ்வாய்க்கிழமை லாசர் எனக்கொரு சண்டை மீன் கொடுத்தான்.
நீலம். வாலில் மட்டும் துருப்பிடித்த சிவப்பு.
"காசெல்லாம் வேணாம், வெச்சுக்க" என்றான்.
கொளத்தூரில் காசு வேண்டாமென்று மீன் கொடுக்கிற ஆளை
பதினோரு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.
சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மாதமாக அவன் கடையில் விளக்கு அணையவில்லை.
ராத்திரி மூன்று மணிக்கு
காற்று மோட்டாரின் குமிழிச் சத்தத்தோடு
அவன் நடக்கிற சத்தமும் சுவர் வழியே வரும்.
சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமலே குப்பைக்குப் போகும்.
"உடம்பு சரியில்ல" என்பான்.
உடம்பில் எங்கே என்று நான் கேட்டதில்லை.

அந்த வாரம் திடீரென்று சவரம் செய்து,
இஸ்திரிச் சட்டை போட்டு,
டீக்கடை பாக்கி நானூற்று முப்பதைத் தீர்த்து
எல்லோரையும் பார்த்துச் சிரித்தான்.
தேறிட்டான் என்றேன் வீட்டுக்காரரிடம்.
தேறிட்டான் என்றார் அவரும்,
கிரிக்கெட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.

வியாழன் சாயங்காலம் தீனிப் பாக்கெட் எண்ணும்போது
வேறொரு கணக்கு ஓடியது.
ஆஸ்கர் ஜோடி எதிர்க்கடை ஷாகுலுக்கு.
மோட்டார் மூன்று கல்யாணி மகனுக்கு.
ஹெல்மெட், பேப்பர் போடுகிற பையனுக்கு.
வண்டி வாசலில்தான் நிற்கிறது.
வண்டி வைத்திருப்பவன் ஹெல்மெட்டை ஏன் கொடுக்கிறான்?
எல்லாத் தொட்டியும் காலியானால்
தண்ணீர் மாற்ற
நாளைக்கு எழுந்திருக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கை தப்பியது. அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து நுழைந்தேன்.
கேட்டால் இல்லாத நினைப்பை நாமே ஊட்டிவிடுவோம் என்று
எங்கோ கேட்ட பயம், தொண்டையில் முள்.
முள்ளோடே கேட்டேன்:
"லாசர், செத்துடலாம்னு நெனைக்கிறியா?"

கோபம் வரவில்லை அவனுக்கு.
யாராவது தட்டமாட்டார்களா என்று
தாழ்ப்பாளில் கை வைத்தே நின்றவன் போல
மெதுவாகத் திறந்தான்.
"ஆமா. இன்னிக்கு."

அம்மாவை நெனச்சுப் பாரு,
உனக்கென்ன குறை,
வாய்வரை வந்ததையெல்லாம் விழுங்கினேன்.
"நான் இங்கதான் இருக்கேன்."
அவ்வளவுதான் வந்தது.
மாடிச் சாவியைக் கேட்டேன், கொடுத்தான்.
ஷாகுல் 104 போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.
ஒரு பெண் குரல்.
"தனியா இருக்காரா?"
"இல்ல மேடம், நாங்க இருக்கோம்."
"ஆஸ்பத்திரி போற வரைக்கும் ஒரு நிமிஷம்கூட தனியா விடாதீங்க."
பிறகு அவனிடம் பேசினாள்.
மீன் பை கட்டுகிற ரப்பர் பேண்டை
விரலில் சுற்றிச் சுற்றி, பதில் சொல்லி,
கடைசியில் அழுதான்.

"எங்கம்மா போணும்?"
"கீழ்ப்பாக்கம்."
ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.
எங்கள் தெருவில் அது வசவு.
பள்ளிக்கூடத்தில் நானும் எத்தனை பேரை
அந்த ஊருக்கு அனுப்பியிருக்கிறேன்.
அன்றைக்கு அது வெறும் முகவரி,
கதவு திறந்திருக்கிற முகவரி.
அவர் ஐம்பது ரூபாய் கூடக் கேட்டார்.
எனக்கு நிம்மதியாக இருந்தது,
உலகம் பேரம் பேசிக்கொண்டிருந்தது.
அயனாவரம் சிக்னலில் லாசர் என் கையைப் பிடித்துக்கொண்டான்.
ஷாகுல் அந்தப் பக்கம்.
நடுவில் அவன், பாலிதீன் பைக்குள் மீன் மாதிரி,
மூச்சுக்கு மட்டும் காற்று கட்டி.

டாக்டர் நான் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.
குரல் நடுங்காமல்.
அப்படியும் கேட்கலாம் போல.

தேறிட்டான் என்று இப்போது நான் யாரிடமும் சொல்வதில்லை.
மாத்திரை சாப்பிடுகிறான். தூங்குகிறான், சில நாள்.
நீல மீனை அவன் திருப்பிக் கேட்கவில்லை.
"ஞாயித்துக்கிழம வந்து தண்ணி மாத்திக் குடு,
எனக்குத் தெரியாது" என்றேன்.
பதினோரு வருஷமாக மீன் தீனி விற்கிறவளின் பொய்.
அவனுக்கும் தெரியும்.
வாளியோடு வருகிறான்.

வராத ஞாயிறுகளும் உண்டு.
அன்றைக்கு நான் போய் ஷட்டரைத் தட்டுகிறேன்.